கருப்பு நாயும் மஞ்சள் சுவரும்

கேள்வி: தருமபுரியில் இருக்கிறேன். வீட்டில் ஒரு கருப்பு நாட்டு நாய், மூன்று வயது. கலர் கலரான சுவர்களுக்கு முன்னால் நாயை நிறுத்தி எடுத்த படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு, எங்கள் தெருவில் ஒரு மஞ்சள் சுவரில் முயன்றேன். சுவர் பளிச்சென்று வருகிறது, நாய் கரிக்கட்டை மாதிரி இருக்கிறது. கண்ணே தெரியவில்லை. கையில் ஒரு ஃபோனும் 18-55 லென்ஸ் போட்ட பழைய டிஎஸ்எல்ஆரும் இருக்கின்றன. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்:

மஞ்சளைத் தேர்ந்தெடுத்தது தப்பே இல்லை. கருப்பு நாய்க்கு அதைவிட நல்ல சுவர் கிடைக்காது. என் ஊகம் இதுதான்: நாயைச் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருப்பீர்கள், மணி பத்தைத் தாண்டியிருக்கும், நீங்கள் நின்றபடியே கீழே பார்த்து எடுத்திருப்பீர்கள். மூன்றில் குறைந்தது இரண்டு சரியாக இருக்கும். எனக்குத் தொழில் கல்யாண வீடியோ, போட்டோ. முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் நண்பர்களின் நாய்களை எடுப்பேன். இந்த மூன்று தப்பையும் நானும் வரிசையாகச் செய்தவன்தான்.

முதலில் ஒட்டி நிறுத்துவது. ஒரு நண்பரின் ராஜபாளையம், பால் வெள்ளை. பழைய பாணி வீடொன்றில் சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்த சுவர். வெள்ளைக்கு நீலம் எடுப்பாக இருக்குமே என்று சுவரோரமாக உட்கார வைத்தேன். அது சும்மா இருக்குமா, முதுகு அரித்தது போல, சுவரில் ஒரு தேய் தேய்த்துவிட்டுத் திரும்பியது. விலாவெல்லாம் நீலம், மாட்டுப் பொங்கலுக்கு அலங்கரித்த கன்று மாதிரி. சுண்ணாம்பை நாய் நக்கக்கூடாது என்பதால் ஈரத்துண்டால் துடைத்துத் துடைத்தே அன்றைக்குப் பொழுது போய்விட்டது. ஆனால் வீட்டில் வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. தேய்ப்பதற்கு முன்னால் எடுத்த படங்களிலும் சுவர்ப்பக்கத்து விலா நீலமாகத்தான் இருந்தது. சுவரில் பட்ட வெளிச்சம் அதன் நிறத்தையும் கூட்டிக்கொண்டு திரும்பி நாய் மேல் விழுகிறது. வெள்ளை நாய்க்கு அது சாயம் பூசிவிடும். கருப்பு நாய்க்கு அந்தத் தொந்தரவு குறைவு, பதிலாக நாயின் நிழலே சுவரில் விழுந்து நாயோடு கலந்து ஒரே கருப்புத் திட்டாகிவிடும்.

ஆகவே சுவருக்கும் நாய்க்கும் நடுவே குறைந்தது ஆறடி, இடமிருந்தால் பத்தடி விடுங்கள். தெருவே அவ்வளவு அகலம்தானே என்றால், தெருவைக் குறுக்கே பார்க்காமல் சாய்வாகப் பார்த்து நில்லுங்கள், தூரம் தானாகக் கிடைக்கும். உங்கள் 18-55-ஐ 55-ல், அதாவது முழு ஜூமில் வைத்து, நாயிடமிருந்து ஐந்தாறு அடியில் நீங்கள், நாய்க்குப் பின்னால் பத்தடியில் சுவர் என்று வைத்துக்கொண்டால் இந்த லென்ஸிலேயே சுவரின் வெடிப்பும் ஆணித் துளையும் மங்கி வெறும் நிறமாகிவிடும். லென்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வாங்குவதென்றால் 50 எம்எம் எஃப் 1.8 (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துவாரம் பெரிது, பின்னணி இன்னும் மங்கும்). விலையும் கம்மி, பழையதாகவும் கிடைக்கும்.

அடுத்தது வெளிச்சம். நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பலர் வெயில் நேராக விழும் சுவரைத் தேடுகிறார்கள். வெயில் பட்ட சுவர் நம் கண்ணுக்கு அழகு. கேமராவுக்கு அது கண்ணாடியில் பட்ட வெளிச்சம் மாதிரி, நிறமே வெளுத்துப்போகும். கருப்பு முடியில் நேர் வெயில் பட்டால் மேலே வெள்ளைத் திட்டு, கீழே கரி, நடுவில் ஒன்றுமே இருக்காது. வடக்கு தெற்காகப் போகிற ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஏழரை மணிக்குக் கிழக்கு வரிசை வீடுகளின் முகப்பு, அதாவது மேற்குப் பார்த்த வாசல், முழுக்க நிழலில் இருக்கும். எதிர் வரிசை வீடுகளில் வெயில் அடிக்கும். நாயை நிழல் பக்கத்துச் சுவருக்கு முன்னால், முகம் எதிர்வரிசையைப் பார்க்கும்படி உட்கார வையுங்கள். எதிர்வீட்டுச் சுவரில் பட்ட வெயில் மெத்தென்று திரும்பி வந்து நாயின் முகத்தில் விழும். கல்யாண வீட்டில் முப்பதாயிரம் ரூபாய் லைட்டுக்கு நாங்கள் துணி கட்டி உண்டாக்குகிற வெளிச்சம் தெருவில் சும்மா கிடைக்கிறது.

சுவர் தேடும்போது அதனால் நான் நிறச் சுவரைப் பார்த்தவுடனே திரும்பி எதிர்ச்சுவரைப் பார்ப்பேன். எதிரே வெள்ளையோ சந்தனக் கலரோ இருந்தால் அந்த இடம் தங்கம். எதிரே கிளிப்பச்சை இருந்தால் நாயின் முகத்தில் பாசி படர்ந்த மாதிரி ஒரு பச்சை ஏறும். அந்த இடத்தை விட்டுவிடுவேன். சாயங்காலம் என்றால் இதெல்லாம் தலைகீழ். ஆனால் சாயங்காலத்தில் தெருவில் வண்டி, பிள்ளைகள், கிரிக்கெட் எல்லாம் இருக்கும். கடைத்தெருவில் ஷட்டர்கள் திறந்துவிடும். காலையே மேல்.

கண் தெரியவில்லை என்றீர்களே, அதற்கும் மருந்து இங்கேதான் இருக்கிறது. கருப்பு முகத்தில் கரும்பழுப்புக் கண். வெளிச்சம் ஒரு புள்ளியாவது கண்ணில் மின்னாவிட்டால் கண் இருப்பதே தெரியாது. நாய் தரையைப் பார்த்தால் கண்ணில் தார் ரோடு தெரியும், அதாவது கருப்பு. தலையைக் கொஞ்சம் தூக்கினால் வானமும் எதிர்ச்சுவரும் தெரியும், உயிர் வந்துவிடும். ஃபிளாஷ் வேண்டாம். நாயின் கண்ணுக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. இரவில் வண்டி லைட்டில் பச்சையாக மின்னுவது அதனால்தான். ஃபிளாஷ் போட்டால் படத்தில் அதே பேய்க்கண்தான் வரும்.

வெளிச்சத்தை அளக்கும் விஷயத்தில் கேமரா உங்களை ஏமாற்றுகிறது. பெரிய மஞ்சள் சுவர், நடுவில் சின்னதாக ஒரு கருப்பு நாய். கேமரா மொத்தத்தையும் கூட்டிப் பார்த்து, வெளிச்சம் ஜாஸ்தி என்று குறைத்துவிடுகிறது, நாய் கரியாகிறது. நாய் ஃபிரேமை அடைத்துக்கொண்டு இருந்தால் நேர்மாறு. எல்லாம் இருட்டு என்று நினைத்து ஏற்றிவிடும், கருப்பு நாய் சாம்பல் நாயாகும், சுவர் வெளுக்கும். ஃபோனில் நாயின் முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலால் ஒரு துளி மேலேயோ கீழேயோ இழுத்துக்கொள்ளுங்கள். டிஎஸ்எல்ஆரில் ஒரு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டர் வைத்து முகத்தில் அளந்து, அங்கிருந்து ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் பாதி அளவு குறைத்தால் கருப்பு கருப்பாகவே நிற்கும். ரா ஃபைலில், அதாவது கேமரா பதப்படுத்தாமல் வைக்கும் மூலக் கோப்பில் எடுங்கள். நிழலில் இருக்கும் முடியின் இழைகளைப் பிறகு மீட்க முடியும். ஜேபெக்கில் ரொம்ப மீட்க முடியாது.

இனி மூன்றாவது, உயரம். நாயின் கண் மட்டத்துக்குக் கேமரா இறங்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. நம் ஊரில் நீங்கள் மண்டியிட்டவுடன் பின்னணி மாறிவிடும். நின்று பார்த்தபோது பிடித்துப்போன அந்த மஞ்சள் மூன்றடிக்கு மேலே இருக்கிறது. அதற்குக் கீழே என்ன? சாணி மண் தெறித்த கறை, கருஞ்சிவப்பில் ஒரு பார்டர், வெற்றிலை எச்சில், சாக்கடை மூடி, பைக் சாய்த்து வைத்துத் தேய்ந்த தடம். மண்டியிட்டால் நாய்க்குப் பின்னால் வருவது அத்தனையும்தான்.

நாயை உயர்த்திவிட்டால் தொல்லை தீர்ந்தது. திண்ணை, வாசல் படி, துணி துவைக்கும் கல், எதுவானாலும். கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் கிரானைட் பட்டறைகளில் கழித்துப் போட்ட பலகைக் கற்கள் ரோட்டோரம் அடுக்கிக் கிடக்கும், நாய்க்கு மேடை கட்டி வைத்த மாதிரி. காலையில் மட்டும். வெயில் ஏறினால் கருங்கல் தோசைக்கல்தான். திண்ணையில் உட்கார்ந்த நாய்க்குத் தோரணையே தனி, வீட்டுக்காரர் மாதிரி உட்காரும்.

ஆனால் திண்ணைக்கு ஒரு வீட்டுக்காரர் இருப்பாரே. போன வருஷம் பழைய தெரு ஒன்றில், சுத்தமான மாம்பழ மஞ்சள், எதிரே வெள்ளைச் சுவர், நடுவில் அருமையான திண்ணை. நாயை அழைத்துப் போவதற்கு முன்னால் இடம் பார்க்க நான் தனியாகப் போயிருந்தேன். ஃபோனில் திசைகாட்டி வைத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒரு பாட்டி வந்தார்.

"யாரு சாமி நீ? ரோட்ட அகலம் பண்ண அளவெடுக்க வந்தியா?"

"இல்லீங்க பாட்டி, நாயப் போட்டோ எடுக்கலாம்னு..."

"நாயி எங்க?"

"நாளைக்குக் கூட்டிட்டு வருவேங்க."

பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாயி இல்லாம நாயப் போட்டோ புடிக்க வந்திருக்குது" என்று உள்ளே யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. மறுநாள் ஏழு மணிக்கு நண்பரின் கருப்பு நாயோடு போனால், திண்ணையைக் கழுவி வைத்திருக்கிறார். "பைரவரு உக்காரட்டும்" என்றார். அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அஷ்டமி தவறாமல் போய்ச் சாம்பல் பூசணியில் விளக்கு வைப்பவராம். அவர் கண்ணுக்குக் கருப்பு நாய் என்றால் சும்மா இல்லை. நாயை உள்ளே விடாத வீடுகளும் இருக்கின்றன, அதனால் கேட்டுவிட்டே போங்கள் என்று சொல்ல வந்தேன். எடுத்த படத்தில் ஒரு பிரதி போட்டுக் கொடுங்கள். மாக்ஸி சைஸ் பிரிண்டுக்கு ஆகிற செலவு இரண்டு டீ காசு.

அந்த மாதிரி நாயில்லாமல் ஒருமுறை போய் வருவதைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். நாய் உங்களுக்குத் தருவது பத்து நிமிஷம். அதற்குள் சுவர் சரியில்லை, வெளிச்சம் இந்தப் பக்கம், லென்ஸ் மாற்றுகிறேன் என்று ஆரம்பித்தால் நாய் கொட்டாவி விடும், உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அது சலித்துவிட்டது, சங்கடப்படுகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு எடுக்கிற படத்தில் காது பின்னால் மடங்கித்தான் இருக்கும். நாய் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். கேமராவில் எண்கள் உட்பட.

எண்கள் என்றால், முதலில் ஷட்டர் வேகம்: உட்கார்ந்திருக்கும் நாய்க்கு 1/500 வினாடி. உட்கார்ந்த நாய் அசையாது என்று 1/60 வைத்தால் ஈ வந்தவுடன் தலையை உதறும். நடக்கும்போது 1/1000, ஓடினால் 1/1600-க்கு மேல். நிழலில் இதற்கு ஐஎஸ்ஓ, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு, 800, 1600 ஆகும், ஆகட்டும். துவாரத்தை ரொம்பத் திறக்காதீர்கள். பெரிய சென்சார் உள்ள முழு ஃபிரேம் கேமராவில் 85 எம்எம் லென்ஸை எஃப் 1.8-ல் வைத்து ஆறரை அடியிலிருந்து எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 செ.மீ. நாட்டு நாயின் மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் இருக்கிற தூரம் அதைவிட அதிகம். கண் தெளிவாகவும் மூக்கு பஞ்சு உருண்டையாகவும் வரும். எஃப் 4 வைத்தால் அந்த ஆழம் இரண்டு மடங்குக்கும் மேலே போகும். உங்கள் 18-55, 55-ல் எஃப் 5.6-க்குக் கீழே இறங்காது, எனவே இந்தக் கவலை உங்களுக்கு இல்லை. ஃபோக்கஸ் கிட்டத்தில் இருக்கும் கண்ணில். ஃபோனில் போர்ட்ரெய்ட் மோடு காதோர முடியையும் மீசையையும் கத்தரித்துவிடும், கருப்பு முடியில் இன்னும் மோசம். சாதா மோடில் இரண்டு மடங்கு ஜூம் வைத்துக் கொஞ்சம் பின்னால் போங்கள், போதும்.

நாயைப் பார்க்க வைக்க டீக்கடைப் பொறையைவிட நல்ல கருவி இன்னும் வரவில்லை. பாக்கெட்டைக் கசக்கும் சத்தமே போதும். ஆனால் சத்தம் எதுவானாலும் மூன்று முறைதான் வேலை செய்யும். நான் ஒருமுறை கீச் பொம்மையை அழுத்திக்கொண்டே இருந்ததில் நாலாவது முறைக்கு நாய் என்னைப் பார்க்கவே இல்லை, ஏழாவது முறைக்கு எழுந்து போய்விட்டது. கேமராவைக் கண்ணில் வைத்து, எல்லாம் தயார் என்றான பிறகு ஒரே ஒரு புதுச் சத்தம். நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துக்கொண்டிருக்கும் நாய் அந்தச் சத்தத்தைக் கேட்க ஒரு வினாடி வாயை மூடும், காது நிமிரும். படம் அந்த வினாடிதான். பொம்மையைக் காட்டுவதானால் நீலமோ மஞ்சளோ வாங்குங்கள். நாய்க்கு உலகம் கருப்பு வெள்ளை என்பது பழைய கதை. 1989-இல் அமெரிக்காவில் செய்த ஆய்வில், நாய்க்கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்புகள் இரண்டு வகை உண்டு என்று தெரிந்தது. நீலமும் மஞ்சளும் அதற்குப் பிரிந்து தெரியும், சிவப்பும் பச்சையும் ஒன்றுபோல மங்கித் தெரியும். நீங்கள் தேடிப்பிடித்த மஞ்சள் சுவரை உங்கள் நாயும் பார்த்து ரசிக்கலாம். ரத்தச் சிவப்பு ஷட்டர்தான் அதற்கு வீண்.

மற்ற நாய்களுக்கு நிறம் எப்படி என்று யாராவது கேட்பார்கள். செவலைக்கு நீலமும் மயில் கழுத்துப் பச்சையும். வெள்ளைக்கு எதுவும் ஒத்துப்போகும், தூரம் மட்டும் விட வேண்டும். கருப்புக்கு மஞ்சள், இளரோஸ், வெளிர்நீலம். அடர்நீலத்திலும் மெரூனிலும் கருப்பு மூழ்கிவிடும். சுவர் மட்டும்தான் நிறம் என்றும் இல்லை. பாலக்கோடு தக்காளி மண்டிப் பக்கம் காலி பிளாஸ்டிக் கிரேட்டுகளை ஆளுயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள், என்ன நிறம் வேண்டும்? காலிக் கிரேட் பக்கம் மட்டும் போங்கள், சரக்கு இருக்கிற இடத்துக்கு நாயைக் கொண்டுபோனால் திட்டு விழும், அது நியாயமும்கூட. எழுத்து இருக்கிற சுவரை விட்டுவிடுங்கள். ஷட்டரில் கடைப்பெயரும் செல்நம்பரும் இருந்தால் பார்க்கிறவர் கண் அங்கேதான் போகும். கட்சி விளம்பரச் சுவர் வேண்டவே வேண்டாம். ஒருமுறை தெரியாமல் இரண்டு நிறம் பின்னால் விழுந்துவிட்டது, அந்த நாயை அதற்கப்புறம் வட்டச் செயலாளர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள்.

இனி கசப்பானவை. நல்ல சுவர் இருக்கும் தெரு உங்கள் நாயின் தெரு இல்லை. அங்கே ஒரு செட் நாய்கள் இருக்கும், அவற்றுக்கு இது எல்லை தாண்டிய விவகாரம். இடம் பார்க்கப் போகும்போதே எத்தனை, எங்கே படுத்திருக்கின்றன என்று பார்த்து வையுங்கள். குட்டி போட்ட தாய் இருந்தால் அந்தத் தெருவே வேண்டாம். உங்கள் நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசி வருஷா வருஷம் போட்டிருக்க வேண்டும். எந்த நாயாவது உங்களைக் கீறினாலும் கடித்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள்.

கயிற்றை அவிழ்க்காதீர்கள், எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும். தேசிய நெடுஞ்சாலை 44 நம் ஊர் ஓரமாகப் போகிறது, லாரிக்காரர் ஏர்ஹாரன் ஒரு அடி அடித்தால் கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். நான் பார்த்திருக்கிறேன். அந்த நாய் கிடைக்க ராத்திரி ஆயிற்று. மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையும் மெல்லிய கயிறும் போடுங்கள், கயிற்றைப் பிறகு படத்தில் அழித்துக்கொள்ளலாம். வெறும் நிறச் சுவர் பின்னால் இருந்தால் அது இரண்டு நிமிஷ வேலை. வெயில் காலத்தில் புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு வினாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் எட்டரைக்கே கடையைக் கட்டிவிடுவேன். கருப்பு நாய் என்பதால் உங்களுக்கு இன்னும் முன்னால்.

மாதம் எது நல்லது என்றால் தை, மாசி. பனி விலகி வெயில் மெத்தென்று இருக்கும். பொங்கலுக்குச் சுவரெல்லாம் புதுசாக அடித்திருப்பார்கள், கீழே கறை ஏறியிருக்காது. அதில் ஒரே ஆபத்து, நீங்கள் பார்த்து வைத்த சுவர் அதே நிறத்தில் இருக்கும் என்று உறுதி இல்லை. பாட்டி வீட்டுச் சுவரை இந்தப் பொங்கலுக்கு ரோஸ் ஆக்கிவிட்டார்கள். வாசலில் நின்று நான் மேலும் கீழும் பார்த்ததைக் கண்டுவிட்டு, "ஏன் சாமி, பைரவருக்குப் புடிக்காதா?" என்றார். இளரோஸ்தான். கருப்புக்கு ஒத்துப்போகும், வரும் ஞாயிறு போகிறேன்.